வரிமீன் முட்டையில் மரபணுவின் மடை

வரிக்குதிரை மீனின் முட்டை கடுகைவிடச் சிறியது. குறுக்களவு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பெண்மீன் அதைத் தண்ணீரில் விடுகிறது. கூடவே நீந்தி வரும் ஆண்மீன் விந்தைப் பாய்ச்சுகிறது. அத்தோடு பெற்றோரின் வேலை முடிந்தது. மீதி எல்லாம் வெளியே, வெளிச்சத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி நடக்கிறது. தண்ணீரின் வெப்பம் 28.5 டிகிரியாக இருந்தால் முக்கால் மணி நேரத்தில் ஒரு செல் இரண்டாகும். பிறகு கால் மணிக்கு ஒரு முறை நான்கு, எட்டு, பதினாறு என்று பெருகும். மூன்று மணி நேரத்தில் ஆயிரம் செல்கள். பத்து மணி நேரத்தில் தலைப்பக்கம் எது, வால்பக்கம் எது என்று தெரிந்துவிடும். ஒரு நாள் ஆனதும் இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும். இரண்டு மூன்று நாளில் குஞ்சு உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். இவ்வளவு நேரமும் முட்டை உறையும் கருவும் கண்ணாடியாகத் தெளிந்திருப்பதால், சாதாரண உருப்பெருக்கி ஒன்று இருந்தால் ஓர் உடல் உருவாவதை முதலிலிருந்து கடைசி வரை கண்ணால் பார்க்கலாம்.

அலங்கார மீன் கடைகளில் ஜீப்ரா என்று கேட்டால் எடுத்துத் தரும் அதே மீன்தான் இது. உடலின் நீளவாக்கில் ஓடும் நீலக் கோடுகளால் அந்தப் பெயர். சுருக்கமாக வரிமீன் எனலாம். சோதனைச்சாலைகளில் எலிக்கு அடுத்தபடியாக அதிகம் வளர்க்கப்படும் முதுகெலும்பு உயிர்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. காரணம் அதன் அழகு அன்று. ஒரு மரபணு உடலை உருவாக்குவதில் என்ன வேலை பார்க்கிறது என்ற கேள்விக்கு இந்த முட்டை பதில் சொல்கிறது.

வரிமீனிடம் 26,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு என்று 2013-இல் வெளியான அதன் முழு மரபுத்தொகுதி ஆய்வு காட்டியது. மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இந்த மீனிடம் உறவு மரபணு இருக்கிறது. ஆனால் எழுத்தைப் படித்துவிட்டால் வேலை புரிந்துவிடாது. ஒரு மரபணுவின் டி.என்.ஏ. வரிசையைக் கடைசி எழுத்து வரை எழுதி வைத்தாலும், அது இதயத்துக்கா, கண்ணுக்கா, எந்த நேரத்தில், எந்தச் செல்லில் என்பது அதிலிருந்து தெரிய வராது.

கம்பம் பள்ளத்தாக்கின் வாய்க்கால்களை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மலையிலிருந்து லோயர் கேம்ப் பக்கம் இறங்கும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், கூடலூர் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலத்துக்குப் பாய்கிறது. ஊருக்குப் புதிதாக வந்தவர் வாய்க்கால் கரையில் நாளெல்லாம் நின்றாலும் எந்த மடை எந்த வயலுக்கு என்று சொல்ல முடியாது. ஒரு மடையை மண்போட்டு அடைத்துவிட்டு, எந்த வயல் காய்கிறது என்று பார்த்தால் தெரிந்துபோகும். மரபணு ஆய்வின் அடிப்படை முறையும் இதுவே. ஒரு மரபணுவை நிறுத்திவிட்டு, கருவில் எது உருவாகவில்லை என்று பார்ப்பது. அல்லது புதிதாக ஒரு மரபணுவைப் புகுத்தி, எது மாறுகிறது என்று பார்ப்பது. கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் வந்த கருவிகள் அனைத்தும் இந்த இரண்டு செயல்களைத் துல்லியமாகச் செய்யும் வழிகள்தாம். ஒவ்வொன்றும் முந்தையது மறைத்த ஒன்றைக் காட்டியது. கூடவே தனக்கென ஒரு பிழையையும் கொண்டுவந்தது.

மீன் நம் பக்கத்து மீன். ஃபிரான்சிஸ் ஹாமில்டன் கங்கையிலும் அதன் கிளையாறுகளிலும் கண்ட மீன்களைப் பற்றி 1822-இல் எழுதிய நூலில்தான் இதற்கு அறிவியல் பெயர் முதலில் கிடைத்தது. வேகம் குறைந்த ஓடை, ஆற்றோரத் தேக்கம், நெல்வயல், வாய்க்கால் ஆகியவை இதன் வாழிடங்கள். மழைக்காலம் இதன் இனப்பெருக்கக் காலம். உலகச் சோதனைச்சாலைகளில் லட்சக்கணக்கில் வளர்ந்தும், சொந்த ஊரில் இது எப்படி வாழ்கிறது என்று நெடுநாள் யாரும் அதிகம் கவனிக்கவில்லை. ஆழ்வார்குறிச்சியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த எம். அருணாச்சலமும் அவருடைய குழுவினரும் இந்திய ஓடைகளில் வரிமீனின் வாழ்க்கையைக் கவனித்து 2013-இல் எழுதிய கட்டுரை அந்தக் குறையைப் பெருமளவு போக்கியது.

சோதனைச்சாலைக்கு இந்த மீனை அழைத்து வந்தவர் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர். ஹங்கேரியில் பிறந்தவர், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் மரபியலில் ஏற்கெனவே பெயர் பெற்றவர். மீன் கடையில் கிடைத்த வரிமீனை வைத்து அவர் செய்த வேலை 1981-இல் வெளிவந்தது. அவர் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் இது: ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு படிகளாக இருக்கிறது. ஒரு படி கெட்டாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். எனவே குறை வெளியே தெரியாது. ஸ்ட்ரைசிங்கர் புற ஊதாக் கதிரால் விந்தணுவின் டி.என்.ஏ.வைச் செயலிழக்கச் செய்து, அந்த விந்தால் முட்டையைத் தூண்டினார். முட்டையில் தாயின் பாதிப் பங்கு மட்டுமே இருந்தது. குறித்த நேரத்தில் சூடு காட்டி முதல் செல் பிரிவைத் தடுத்ததும் அந்தப் பாதி இரட்டித்தது. இப்படிப் பிறந்த மீனில் இரண்டு படிகளும் அச்சு மாறாமல் ஒன்றே. தாயிடம் மறைந்திருந்த குறை மகளிடம் நேராக வெளிப்பட்டுவிடும்.

முட்டைக்கு வெப்பத்தாலோ குளிராலோ அதிர்ச்சி கொடுத்துக் குரோமோசோம் எண்ணிக்கையை மாற்றும் இந்த வித்தை, மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில் இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் வந்து சேர்ந்தது. அங்கே உயிரியல் புலத்தில் டி.ஜே. பாண்டியனின் குழு மீன்களின் இனப்பெருக்கத்தையும் பால் நிர்ணயத்தையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வந்தது. 1984-இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்ற பாண்டியன், 1990-இல் வரிமீனில் இரண்டுக்குப் பதில் மூன்று குரோமோசோம் தொகுதிகள் கொண்ட மீன்களை உருவாக்கியதைத் தன் மாணவருடன் சேர்ந்து வெளியிட்டார். கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள உத்தமபாளையத்துக் கல்லூரி மாணவர்கள் பட்டம் வாங்கும் பல்கலைக்கழகத்தில், உலகம் இந்த மீனை மெல்லத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய காலத்திலேயே இந்த வேலை நடந்திருக்கிறது. உள்ளூரில் இது போதிய அளவு பேசப்படவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

குறையைத் தேடுவதில் பெரும் பாய்ச்சல் 1990-களில் நிகழ்ந்தது. ஜெர்மனியின் டூபிங்கனில் கிறிஸ்டியான் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டின் குழுவும், அமெரிக்காவின் பாஸ்டனில் வோல்ஃப்காங் டிரீவர், மார்க் ஃபிஷ்மன் ஆகியோரின் குழுவும் ஒரே முறையைப் பின்பற்றின. டி.என்.ஏ.வில் அங்கங்கே எழுத்து மாற்றும் ஒரு வேதிப்பொருளை ஆண்மீன்கள் நீந்தும் நீரில் கலந்தார்கள். அவற்றின் விந்தணு ஒவ்வொன்றிலும் எங்கோ சில மரபணுக்கள் கெட்டிருக்கும். மகன் மகள் தலைமுறையில் ஒரு படிதான் கெட்டிருப்பதால் எதுவும் தெரியாது. பேரன் பேத்திகளில், ஒரே கெட்ட படியைச் சுமக்கும் உடன்பிறந்தவற்றை இணைசேர்த்தால், கொள்ளுப்பேரன் தலைமுறையில் நான்கில் ஒரு பங்கு கருக்களுக்கு இரண்டு படிகளும் கெட்டுக் குறை வெளிப்படும். ஆயிரக்கணக்கான தொட்டிகள், லட்சக்கணக்கான கருக்கள். ஒவ்வொன்றையும் உருப்பெருக்கியில் மனிதர் உட்கார்ந்து பார்த்தார்கள். 1996 டிசம்பரில் 'டெவலப்மென்ட்' ஆய்விதழின் ஓர் இதழ் முழுவதும் இந்த முடிவுகளே நிறைந்திருந்தன. நூற்றுக்கணக்கான மரபணுக்களின் குறைகள் ஒரே நேரத்தில் கைக்கு வந்தன.

கண்டவர்கள் கண்டபடி பெயர் வைத்தார்கள். வால் வளராத கருவுக்கு 'வாலில்லை'. ஒற்றைக் கண்ணுடன் பிறந்ததற்கு 'ஒற்றைக்கண் ஊசித்தலை'. இரண்டு இதயங்கள் உருவான ஒன்றுக்கு 'மைல் தூரம்'. இந்தக் கடைசிப் பெயருக்குள் வளர்ச்சியின் ஓர் அடிப்படை இரகசியமே இருக்கிறது. முதுகெலும்புள்ள எல்லா உயிர்களிலும் இதயத்துக்கான செல்கள் உடலின் இடப்பக்கம் ஒரு கூட்டமும் வலப்பக்கம் ஒரு கூட்டமுமாகத் தோன்றி, நடுவே வந்து இணைகின்றன. இந்த மரபணு கெட்டால் இரு கூட்டமும் வந்து சேராமல் தனித்தனியே நின்று, தனித்தனியே துடிக்கின்றன. அப்படியானால் அந்த மரபணு இதயச் செல்களுக்குள் வேலை செய்கிறதா? அதைக் கண்டறிய, ஒரு கருவின் செல்களை இன்னொரு கருவுக்கு மாற்றி நட்டார்கள். கெட்ட கருவின் இதயச் செல்களை நல்ல கருவில் வைத்தால் அவை ஒழுங்காக நடுவே வந்துவிட்டன. குறை செல்களில் இல்லை. அவை நடந்துவர வேண்டிய சுற்றுப்புறத் திசுவில் இருக்கிறது. அந்த மரபணு தயாரிப்பது, கொழுப்பு வகைச் சமிக்ஞை ஒன்றை வாங்கும் ஏற்பி என்று 2000-இல் தெரிந்தது. மரபணு எங்கே செயல்படுகிறது என்பதும் குறை எங்கே வெளிப்படுகிறது என்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

குறையை முதலில் கண்டு, பிறகு எந்த மரபணு என்று தேடிப் போகும் இந்தப் பாதையில் மனிதர்களை நேராகத் தொட்ட கதை 'கோல்டன்' மீனுடையது. கோடுகள் வெளுத்து, உடல் பொன்னிறமாகத் தெரியும் இந்த வகை ஸ்ட்ரைசிங்கரின் தொட்டிகளிலேயே இருந்தது. என்ன கெட்டிருக்கிறது என்று தெரிய 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீத் செங்கின் குழு, எஸ்.எல்.சி.24ஏ5 என்ற மரபணுவே காரணம் என்று கண்டது. நிறமிச் செல்களுக்குள் கருநிறமியைத் தேக்கி வைக்கும் சிறு பைகள் இந்த மீனில் சிறுத்தும் குறைந்தும் இருந்தன. அதே மரபணுவின் மனித வடிவத்திலிருந்து எடுத்த தூது ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் உருவாக்கும் செய்தியைச் சுமக்கும் படியை, பொன்னிறக் கருவுக்குள் செலுத்தியபோது, கருமை திரும்பி வந்தது. மனித மரபணு மீனுக்குள் மீன் மரபணுவின் வேலையைச் செய்துவிட்டது.

அந்தக் குழு அங்கே நிற்கவில்லை. மனிதர்களின் இதே மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதைப் பார்த்தார்கள். ஐரோப்பியரிடம் ஏறத்தாழ எல்லோருக்கும் மாறிய வடிவம். ஆப்பிரிக்காவிலும் கிழக்காசியாவிலும் பெரும்பாலும் பழைய வடிவம். தோல் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் பல. அவற்றில் கணிசமான பங்கு இந்த ஒன்றுக்கு உண்டு. இந்தியாவில் இரண்டு வடிவங்களும் கலந்து இருக்கின்றன. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் பங்கேற்ற 2013 ஆய்வு, தெற்காசியரிடமும் ஐரோப்பியரிடமும் உள்ள மாறிய வடிவம் ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்று காட்டியது. நிறத்தை வைத்து மனிதரை எடைபோடும் பழக்கம் இன்னும் விடாத ஒரு நாட்டில், அந்த நிறத்தின் ஒரு பகுதி புரதத்தில் ஒரே ஒரு இடம் மாறியதால் வந்தது என்பதும், அதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியது தொட்டியில் இருந்த வெளுத்த மீன் என்பதும் பள்ளிப் பாடத்திலேயே இடம்பெற வேண்டிய செய்திகள்.

நிறுத்திப் பார்ப்பது ஒரு வழி என்றால் சேர்த்துப் பார்ப்பது மற்றொன்று. இங்கே மதுரை மீண்டும் வருகிறது. 1991-இல் பாண்டியன், மாதவன், தர்மலிங்கம் உள்ளிட்ட நால்வர், எலியின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவை நுண்ணூசியால் வரிமீன் முட்டைக்குள் செலுத்தி, மரபணு மாற்ற மீனை உருவாக்கியதை 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். இந்தியாவில் உருவான முதல் மரபணு மாற்ற மீன் என்று இத்துறையினர் குறிப்பிடுவது இதைத்தான். உலகில் வரிமீனுக்குள் வேற்று மரபணுவை வைத்து அடுத்த தலைமுறைக்கும் கடத்திக் காட்டிய முதல் ஆய்வு 1988-இல்தான் வந்திருந்தது. மூன்றே ஆண்டு இடைவெளி.

நுண்ணூசி என்பது முடியைவிட மெல்லியதாக இழுக்கப்பட்ட கண்ணாடிக் குழாய். முதல் செல் இரண்டாவதற்கு முன், அந்த முக்கால் மணி நேரத்துக்குள், ஒரு முட்டைக்கு ஒரு மில்லிலிட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் திரவத்தைச் செலுத்த வேண்டும். உள்ளே போன டி.என்.ஏ. உடனே குரோமோசோமில் ஒட்டிக்கொள்வதில்லை. செல் பெருகப் பெருக எங்கோ சில செல்களில் மட்டும் ஒட்டுகிறது; ஆகவே அந்த மீன் ஒட்டுப்போட்ட துணிபோலக் கலவையாக வளர்கிறது. முட்டையும் விந்தும் ஆகப்போகும் செல்களில் அது ஒட்டியிருந்தால்தான் குஞ்சுகளுக்குப் போகும். இந்தத் தடையைக் குறைக்க மதுரைக் குழு வேறு வழியையும் முயன்றது. ஒவ்வொரு முட்டையாகக் குத்தாமல், மின்துடிப்பால் பல முட்டைகளின் சுவரில் நொடிநேரம் துளை திறந்து டி.என்.ஏ.வை உள்ளே விடும் முறை அது. 1998-இல் வெளியான அந்த வேலையில், எலி மரபணுவுக்குப் பதிலாக மற்ற மீன்களின் வளர்ச்சி ஹார்மோன் மரபணுவும், அதை இயக்க வரிமீனின் சொந்த விசையும் (மரபணுவை விழிக்கச் செய்யும் டி.என்.ஏ. பகுதி) பயன்பட்டன. அங்கே கற்ற பாடத்தைப் பின்னர் அதே குழு ரோகு கெண்டைக்கும் கொண்டுபோனது.

சேர்க்கும் கருவி உண்மையில் கூர்மை பெற்றது இரண்டு இயற்கைப் பொருள்களால். ஒன்று ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதம். ஒரு மரபணுவின் விசையை இந்தப் புரதத்தோடு இணைத்துவிட்டால், அந்த மரபணு எங்கெல்லாம் விழிக்கிறதோ அங்கெல்லாம் உயிருள்ள கரு பச்சையாக ஒளிரும். 1997-இல் இரத்தச் செல்கள் மட்டும் ஒளிரும் வரிமீன்கள் பிறந்தன. தெளிந்த உடலுக்குள் இரத்தம் உருவாகி ஓடுவதைத் திசுவை அறுக்காமலே பார்க்க முடிந்தது. மற்றொன்று, ஜப்பானிய நெல்வயல் மீனான மெடாக்காவின் டி.என்.ஏ.விலிருந்து கிடைத்த டால்2 என்ற தாவும் துண்டு. தன்னைத்தானே குரோமோசோமில் செருகிக்கொள்ளும் இயல்பு அதற்கு. ஜப்பானின் கொய்ச்சி கவகாமி அதை வரிமீனுக்கு ஏற்ற கருவியாக்கிய பின், புகுத்திய மரபணு அடுத்த தலைமுறைக்குப் போவது எப்போதோ நடக்கும் அதிசயமாக இல்லாமல் அன்றாட வேலையானது.

எந்த மரபணு எப்போது விழிக்கிறது என்ற அட்டவணையும் தேவைப்பட்டது. மதுரைக் குழுவில் இருந்த மாதவன் பின்னர் சிங்கப்பூர் ஜீனோம் நிறுவனத்துக்குச் சென்றார். 2005-இல் அவரும் கூட்டாளிகளும் வரிமீன் கருவின் 12 கட்டங்களில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வை ஒருசேர அளந்து வெளியிட்டார்கள். கருவின் முதல் சில மணி நேரம் தாயின் சீதனத்தில் ஓடுகிறது. முட்டைக்குள் தாய் போட்டு வைத்த ஆர்.என்.ஏ.வே எல்லாவற்றையும் நடத்துகிறது. சுமார் மூன்று மணி நேரத்தில்தான் கருவின் சொந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று நம்பப்பட்டு வந்தது. அதற்கும் முன்னரே விழிக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது என்று இந்த அளவீடு காட்டியது. நிறுத்திப் பார்க்கும் ஆய்வுக்கும் இதனால் ஒரு தெளிவு உண்டு. கருவின் மரபணுவைக் கெடுத்தும் முதல் நாளில் ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்த மரபணு வேண்டாதது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தாயின் சீதனம் இன்னும் கையிருப்பில் இருக்கலாம்.

2000-இல் ஒரு சுலபமான வழி வந்தது. மார்ஃபோலினோ என்பது ஆர்.என்.ஏ.வைப் போலவே எழுத்துகள் கொண்ட, ஆனால் செல்லால் எளிதில் சிதைக்க முடியாத செயற்கைத் துண்டு. குறித்த தூது ஆர்.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து புரதம் உருவாவதைத் தடுக்கும். மரபணு அப்படியே இருக்கும். அதன் பேச்சு மட்டும் சில நாள் அடங்கும். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஐடஸ் நாசெவிசியஸும் ஸ்டீபன் எக்கரும் இதைக் காட்டியதும் உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்க வேண்டாம். காலையில் ஊசி போட்டால் மறுநாள் முடிவு.

பிறகுதான் சங்கடம் தெரிந்தது. மார்ஃபோலினோ சில நேரம் சம்பந்தமில்லாத ஆர்.என்.ஏ.விலும் ஒட்டும்; செல்களைச் சாகச் சொல்லும் பி53 என்ற புரதத்தையும் தூண்டிவிடும். தலை சிறுத்தது, கண் சிறுத்தது என்று எழுதப்பட்ட குறைகளில் சில இதனால் வந்தவை. 2015-இல் இருபதுக்கும் மேற்பட்ட மரபணுக்களை உண்மையாகவே கெடுத்து ஒப்பிட்டபோது, மார்ஃபோலினோ காட்டிய குறை பெரும்பாலான மரபணுக்களில் காணவில்லை. பழைய முடிவுகள் எல்லாம் பொய்யா என்று துறையே கலங்கியது.

விடை இரண்டுக்கும் நடுவே இருந்தது. ஜெர்மனியில் டிடியர் ஸ்டெய்னியரின் குழு அதே ஆண்டு, இரத்தக் குழாய் தொடர்பான ஒரு மரபணுவை நிரந்தரமாகக் கெடுத்த மீனில், அதற்கு உறவான வேறு மரபணுக்கள் வேகம் கூட்டி வேலையை ஈடுசெய்வதைக் கண்டது. மார்ஃபோலினோ போட்ட கருவில் இந்த ஈடு நிகழவில்லை. கெட்ட மரபணுவின் குறைப்பட்ட தூது ஆர்.என்.ஏ. சிதையும்போது, அந்தச் சிதைவே உறவு மரபணுக்களை எழுப்பிவிடுகிறது என்று 2019-இல் விளங்கியது. பழைய மடைக் கணக்கும் இதுதான். இரவில் யாரோ மண்போட்டு அடைத்தால் மறுநாள் வயல் வாடும். அவசரத்தில் போட்ட மண் சரிந்து பக்கத்து மடையையும் தூர்த்துவிடலாம். மடையைச் சுவர் வைத்து நிரந்தரமாக மூடினால், விவசாயி கிணற்றிலிருந்து குழாய் இழுத்துப் பயிரைக் காப்பாற்றிவிடுவார். பச்சையாக நிற்கும் பயிரைப் பார்த்து, அந்த மடையால் பயனே இல்லை என்று எழுதிவிட்டால் அது தவறு. இன்று ஒரு மரபணுவின் வேலை இன்னது என்று சொல்ல வேண்டுமானால், இரண்டு முறையிலும் நிறுத்திப் பார்த்து, நல்ல மரபணுவின் ஆர்.என்.ஏ.வைத் திரும்பக் கொடுத்தால் குறை தீர்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது.

குறித்த மரபணுவைக் குறித்த இடத்திலேயே வெட்டும் கத்திகள் 2008 முதல் வந்தன. முதலில் வந்த துத்தநாக விரல் நொதிகளைச் சோதித்தவர்கள், பழைய 'கோல்டன்' மரபணுவையே குறிவைத்தார்கள். வெட்டு விழுந்ததா என்பது நிறத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு புதிய புரதத்தை வடிவமைக்க வேண்டியிருந்தது. 2011-இல் வந்த டேலன் என்ற கத்தி அதைச் சற்று எளிதாக்கியது. 2013-இல் கிரிஸ்பர் என்ற முறை வரிமீனுக்கு வந்ததும் பழைய கருவிகள் ஓரமாகிவிட்டன. காஸ்9 என்ற ஒரே வெட்டும் புரதம். அதற்கு வழிகாட்ட, இலக்கோடு பொருந்தும் 20 எழுத்துள்ள சிறு ஆர்.என்.ஏ. இலக்கு மாறினால் அந்த 20 எழுத்தை மாற்றினால் போதும். வெட்டு விழுந்த டி.என்.ஏ.வைச் செல் அவசரமாக ஒட்டும்போது ஓரிரு எழுத்து விடுபடும் அல்லது கூடும். மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், ஓர் எழுத்து பிசகினால் அதற்குப் பின் வரும் அனைத்தும் குழம்பி, புரதம் பாதியில் நின்றுவிடும்.

ஊசி போட்ட மீன் இங்கும் கலவையாகத்தான் இருக்கும். அதைச் சாதாரண மீனோடு சேர்த்து, குஞ்சுகளின் வால்துடுப்பில் நுனியளவு கத்தரித்து டி.என்.ஏ.வைப் படித்து, ஒரே மாற்றம் உள்ளவற்றைப் பிரித்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்தால் நான்கில் ஒரு பங்குக்கு இரு படிகளும் கெட்டிருக்கும். வரிமீன் மூன்று மாதத்தில் பருவமடைவதால் இதற்கு ஓராண்டுகூட ஆகாது. இலக்கைத் தேர்வதில் கடைமீனுக்கும் காட்டு மீனுக்கும் உள்ள வேறுபாடும் கணக்கில் வருகிறது. டெல்லியின் மரபுத்தொகுதி மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தில் ஸ்ரீதர் சிவசுப்பு, வினோத் ஸ்காரியா ஆகியோரின் குழு, இந்தியக் காட்டு வரிமீன் ஒன்றின் முழு டி.என்.ஏ.வையும் 2009-இல் வரிசைப்படுத்தியது. மேலைநாட்டுச் சோதனைச்சாலை மீனிலிருந்து அது 50 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வேறுபட்டிருந்தது. 20 எழுத்தில் ஓர் எழுத்து வேறாக இருந்தாலே கத்தி வழி தவறக்கூடும் என்பதால், இந்த வரைபடம் இந்திய மீனில் வேலை செய்பவர்களுக்கு அன்றாடத் தேவை.

மருத்துவத்துக்கும் இதே பாதைதான் பயன்படுகிறது. காரணம் தெரியாத பிறவிக்குறையுள்ள குழந்தையின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அது நோயின் காரணமா, தற்செயலா என்று மருத்துவருக்குத் தெரியவில்லை. அந்த மரபணு இல்லாத வரிமீன் கருவுக்கு மனிதரின் நல்ல ஆர்.என்.ஏ. ஒரு தொகுதிக்கும், மாறிய ஆர்.என்.ஏ. ஒரு தொகுதிக்கும் கொடுக்கப்படுகிறது. நல்லது கருவைத் தேற்றி, மாறியது தேற்றாவிட்டால், குறை அந்த எழுத்தில்தான் இருக்க வேண்டும். எல்லா நோய்க்கும் இது உதவாது. மீனுக்கு நுரையீரல் இல்லை, நஞ்சுக்கொடி இல்லை, பால்சுரப்பி இல்லை. மேலும் அதன் முன்னோர் பல கோடி ஆண்டுகளுக்கு முன் மரபுத்தொகுதி முழுவதையும் ஒருமுறை இரட்டித்துக்கொண்டதால், மனிதரின் ஒரு மரபணுவுக்கு மீனில் சில இடங்களில் இரண்டு உண்டு. ஒன்றைக் கெடுத்தால் மற்றது காப்பாற்றிவிடும். அங்கெல்லாம் இரண்டையும் சேர்த்தே நிறுத்த வேண்டும்.

இப்படி உருவான மீன் வகைகள் இன்று பல்லாயிரம். அத்தனையையும் தொட்டியில் நீந்த விட்டுக் காப்பது இயலாது. அமெரிக்காவின் யூஜீன் நகரில் உள்ள வரிமீன் காப்பகம் போன்ற இடங்களில் ஆண்மீன்களின் விந்து திரவ நைட்ரஜனில் உறைந்து கிடக்கிறது. வேண்டியபோது உருக்கி, முட்டையோடு சேர்த்தால் அந்த வகை மீண்டும் பிறக்கும். முட்டை கிடைக்காவிட்டாலும் வழி உண்டு என்று 2004-இல் மதுரைக் குழு காட்டியது. டைகர் பார்ப் மீனின் முட்டையில் தாயின் டி.என்.ஏ.வைப் புற ஊதாக் கதிரால் அழித்துவிட்டு, குளிரில் பாதுகாத்த இறந்த ரோஸி பார்ப் ஆணின் விந்தைச் சேர்த்து, பாண்டியனும் அவருடைய மாணவரும் ரோஸி பார்ப் குஞ்சுகளையே பிறக்க வைத்தார்கள். ஸ்ட்ரைசிங்கர் தந்தையின் பங்கை அழித்துத் தாயை மட்டும் வைத்துச் செய்ததை, இங்கே தாயின் பங்கை அழித்துத் தந்தையை மட்டும் வைத்துச் செய்திருந்தார்கள்.